மாப்பிள்ளை படித்த புத்தகம்

“இந்தத் தடவையும் எங்க அப்பாவையே ஜெயிக்க விட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்,” என்றாள் மங்களேஸ்வரி, காபியைச் சதுரங்கப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

நம்பிராஜன் நிமிரவில்லை. இடக்கையில் இங்கிலீஷ் புத்தகம், வலக்கையில் கறுப்புக் குதிரை. தென்காசிக் கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டாலே யோசித்து யோசித்துப் பதில் சொல்கிற வக்கீல், பெண்டாட்டி கேட்டதற்கா உடனே சொல்லிவிடப் போகிறார்?

“விட்டுக்கொடுத்தா மாமாவுக்குப் புடிக்காது,” என்றார் கடைசியில்.

அந்தப் புத்தகம் பங்குனியில் மதராசிலிருந்து தபாலில் வந்தது. சீமையில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களை முதலிலிருந்து கடைசி வரை அச்சிட்டு, அங்கங்கே ஏன், எதற்கு என்று விளக்கமும் எழுதியிருந்தார்கள். நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி, தப்பான நகர்த்தலுக்குக் கேள்விக்குறி. கோர்ட்டிலிருந்து வந்ததும் மனிதர் அதைப் பார்த்துக் காய் நகர்த்த உட்கார்ந்துவிடுவார். கேள்விக்குறி வந்துவிட்டால் போதும், அங்கேயே பழியாய்க் கிடப்பார். தப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஆட்டம் பிடிபடும் என்பார்.

மங்களத்தின் கவலை மங்களத்துக்கு. அப்பா அய்யாக்குட்டி, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையரானவர். அம்மா போன பிறகு சுரண்டையில் தன்னந்தனியாக இருக்கிறார். தானே பொங்கி, தானே தின்று, பாதி நாள் பழையதோடு சரி. எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனை கூப்பிட்டாலும், மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று வீம்பு. சாரல் விழுந்தால் மட்டும் வருவார். குற்றாலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து மூவரும் தங்குவார்கள். காலையில் அருவிக் குளியல், மத்தியானம் மாமனாருக்கும் மருமகனுக்கும் சதுரங்கம்.

போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே கோளாறு. அப்பாதான் ஜெயித்தார். ஜெயித்தவர், பலகையைத் தள்ளிவிட்டு, ஈரத்துண்டைக்கூடப் பிழியாமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தீபாவளிக்கும் வரவில்லை. தோற்ற எரிச்சலில் இவர்தான் ஏதோ வாய்விட்டிருக்க வேண்டும் என்று மங்களம் முடிவுகட்டினாள். கேட்டால், தப்பு என் பேரில்தான் என்பாரே தவிர, வேறு ஒரு வார்த்தை வராது. இப்போது புத்தகம் வேறு. ஜெயித்தே கோபித்துக்கொண்டவர், தோற்றால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

ஆள்மேல் ஆள் விட்டு, கடைசியில் அவளே சுரண்டைக்குப் போய்க் கண்ணைக் கசக்கித்தான் இந்த ஆனியில் அப்பாவை வரவழைத்தாள். ஒரு வாரம்தான் இருப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தார்.

அருவியில் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இருவரும் பலகைமுன் உட்கார்ந்தார்கள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. மங்களம் அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும்.

முதலில் இருவரும் சடசடவென்று காய் நகர்த்தினார்கள். கொஞ்சம் போனதும் அப்பா நிமிர்ந்து மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் பார்த்து எழுதுகிற பையனைப் பார்க்கிற அந்தப் பழைய இன்ஸ்பெக்டர் பார்வை. மங்களத்துக்குக் கை நின்றுவிட்டது.

ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு காயையும் நிதானமாக நகர்த்தினார். அவருடைய சிப்பாய்கள் ஒவ்வொன்றாய் வெட்டுப்பட்டு வெளியே வந்தன. போச்சு, அப்பா தோற்கப்போகிறார், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பப்போகிறார் என்று மங்களம் குற்றாலநாதரை வேண்டிக்கொண்டாள். நம்பிராஜன் குதிரையை எடுத்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பிறகு வைத்தார்.

அப்பா அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யானையை மெதுவாக முன்னால் தள்ளினார். அதற்குமேல் நம்பிராஜனின் ராஜாவுக்குப் போக வழியில்லை.

“குதிரையை அங்கன வச்சிருக்கக் கூடாது மாமா. தப்புப் பண்ணிட்டேன்.”

“அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆடுவாவ, மாப்ளே. நல்ல ஆட்டம்.”

நம்பிராஜன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெற்றிலை துப்ப வெளியே போனார். மங்களத்துக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஒரு பக்கம் புருஷனை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வாரம் கழித்துப் போய்விடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“போகல. சுரண்டை வீட்டைப் பூட்டிட்டு ஒங்க கூடவே வந்து இருந்துருதேன்,” என்றார் அப்பா.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சிரித்தாள். “ஜெயிச்ச சந்தோசமாக்கும். பாவம், அவிய பங்குனியிலருந்து அந்தப் புத்தகத்தை விழுந்து விழுந்து படிச்சாவ. எல்லாம் வீணாப் போச்சு.”

அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவாப் பேசுட்டி, மாப்ளை காதுல விழுந்துரப்போவுது. போன வருசம் பிச்சை போடுத மாதிரி ராணியைக் கொண்டாந்து எம் முன்னால வச்சுத் தோத்தாவ. அந்தக் கோவத்துலதான் பஸ் ஏறினேன். அந்தப் புத்தகம் நீ பொறக்கதுக்கு முந்தியே எங்கிட்ட உண்டு, எந்த ஆட்டத்தை ஆடுதாவன்னு பாதியிலயே தெரிஞ்சு போச்சு, அந்தக் கேள்விக்குறி வார வரைக்கும் நானும் புத்தகத்துல உள்ளபடியே ஆடிக் குடுத்தேன். எனக்குத் தெரியாம எங்கிட்டத் தோக்கதுக்குன்னு பங்குனியிலருந்து ஒக்காந்து படிச்ச மனுசனை விட்டுட்டு, நான் எங்கட்டி போவேன்?”