ஒற்றை எக்சோஸ்

"திருட்டுச் சாமான் இல்லயே, அங்கிள்?" என்று மறுபடியும் கேட்டான் கவிநேசன்.

தங்கா பத்துவில் தன் வீட்டு வாசலில், கோணியில் சுற்றிய கார் எக்சோஸ் புகைக்குழாயோடு நின்றார் பாக்கியசாமி. அதன் வாய் மட்டும் வெளியே தெரிந்தது. பளபளக்கும் ஜப்பான் சாமான்.

"ஜோடி எங்க?"

"இடது பக்கம் ஒண்ணுதான் தம்பி. வெளம்பரம் பாத்துட்டு ஜோடியா கேட்டு நெறய பேரு வந்தாங்க. அனுப்பிட்டேன்."

கவிநேசன் சிரித்தான். "நல்ல வியாபாரிலா நீங்க! எனக்கு இடது பக்கம் மட்டும்தான் வேணும்."

வெளியே அவனுடைய ஸ்போர்ட்ஸ் கார் வலது பக்கம் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. நாளைக்கு ஜொகூரிலிருந்து ஒருவர் அதை வாங்க வருகிறார். ஒரு பக்கம் இல்லாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வி வரக் கூடாது. எப்படியாவது இன்றைக்கே மாட்டிவிட வேண்டும்.

"பழசு எங்க விழுந்துச்சு?"

"சிரம்பான் ஹைவேல. பள்ளம்." பதில் சட்டென்று வந்தது.

பாக்கியசாமி தலையாட்டினார். "காசு அப்புறம் பேசலாம். மொதல்ல பொருந்துதான்னு பாப்போம். காடிய உள்ள கொண்டாங்க."

கார் உள்ளே வந்ததும் அவர் மனைவி அருளம்மாள் கேட்டைச் சாத்திப் பூட்டினாள்.

"ஏன் ஆன்ட்டி பூட்டுறீங்க? நான் ஓடிருவேன்னு பயமா?"

"மாடு வந்துரும்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளெல்லாம் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை தூக்கிய முதுகு. முனகிக்கொண்டே மல்லாந்து படுத்தார் பாக்கியசாமி. கோணியை உருவிப் போட்டுவிட்டு, எக்சோஸைக் காருக்கடியில் தூக்கிப் பிடித்தார். காரில் பாதி கிழிந்து தொங்கிய குழாயும் அவர் கையிலிருந்த கிழிசலும் பல்லோடு பல்லாகப் பொருந்தின.

வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

கவிநேசன் குனிந்து பார்த்தான். "இது... எங்க கெடச்சுச்சு, அங்கிள்?"

பாக்கியசாமி காருக்கடியில் கிடந்தபடியே சொன்னார்.

"என் மவ மோனிக்கா செத்துக் கெடந்த எடத்துல, தம்பி."