நிலத்துக்கு அடியில் ஒரு தராசு

வயலுக்கு அடியில் ஒரு தராசைப் புதைத்திருந்தாள் விஞ்ஞானி ரெஜினா. வெயிலில் மண் எவ்வளவு ஈரத்தை வானத்துக்குக் கொடுக்கிறது, பனியில் எவ்வளவு திரும்ப வாங்குகிறது என்று அது எடை போட்டுச் சொல்லும். இன்று விடியலில் அவள் அறையில் இருந்த அதன் திரை திடீரென்று நாற்பத்தாறு கிலோ கூடுதலாகக் காட்டியது. பதறி ஓடினாள்.

கடலைச் செடிகளுக்கு நடுவே, தராசு இருந்த இடத்தில், நிலத்துக்காரி செல்லக்கிளி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எழுந்திருங்க! என் ஒரு வருஷ ஆராய்ச்சியே போயிடும்.”

“உங்களுக்கென்ன மேடம், வேற வயலைத் தோண்டிப்பீங்க. பத்து மணிக்கு நான் இதை வித்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அதுவரைக்கும் என்னுது.”

சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகும் தராசில் எடை இறங்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் அந்த நாற்பத்தாறு கிலோ, மண்ணின் ஈரத்தைப் போல, கிராம் கிராமாக வானத்துக்குப் போக ஆரம்பித்தது.