மாடிப்படி மேப்

எங்கள் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் செய்து அனுப்பும் மேப்புகளை, அதாவது திரையில் நுழைந்து ஆடும் களங்களைப் பராமரிப்பது என் வேலை. யாரும் எட்டிப் பார்க்காதவற்றை மாதக் கடைசியில் அழித்துவிடுவோம். உள்ளே ஆள் இருந்தால் மட்டும் தொடமாட்டோம்.

படிகளைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு மேப்பில், இரண்டு வருடமாக ஒருவர் இருப்பதாகக் காட்டியது. பெயர் இல்லை. சர்வரை அணைத்து மறுபடி போட்டாலும் ஒருவர்.

"ஏதோ கோளாறும்மா. அழிச்சுத் தள்ளு," என்றார் மேலாளர்.

"ஆள் இருக்கிற வீட்டை இடிக்கச் சொல்றீங்களா சார்?"

"ஆளாவது பேயாவது! நாளைக்குக் காலைல நானே அழிக்கிறேன். அப்புறம் உன் நாற்காலில வேற ஆள்தான்."

அன்று மாலை நான் அந்த மேப்புக்குள் போனேன். உள்ளே இருப்பவர் எண்ணிக்கை இரண்டானது. எல்லாப் படியும் ஏறினேன்; யாரும் இல்லை. மேல்படியில் சற்று உட்கார்ந்திருந்தேன். பிறகு வெளியேறி, கணினியை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

காலையில் மேலாளர் என் பின்னால் வந்து நின்றார். திரையில் இன்னும் இரண்டு பேர். ஒருவருக்குப் பெயர் இல்லை. இன்னொன்று என் பெயர்.

"முதல்ல நீ வெளிய வாம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நேத்தே வந்துட்டேன் சார்."

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்ப அழிங்க, பாக்கலாம்."