காற்றுக்கு நிற்காத அடுப்பு

"இதுவும் சரிவராது தம்பி."

மஹ்ரூப் இப்படிச் சொன்னதும் றொபின்சனுக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. பின்னே? இது மூன்றாவது அடுப்பு.

பயணத்துக்குக் கொண்டுபோகும் சின்ன அடுப்புகள் கல்பிட்டியில் மஹ்ரூபின் கடையில் மட்டும்தான் கிடைக்கும். கண்டக்குழியில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக வாங்கிப் போட்டவை. றொபின்சன் போவதோ தலவிலப் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு. வருடா வருடம் கோயில் வளவில் கூடாரம் அடித்து, குடும்பத்தோடு நாலு நாள் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். இந்த முறை வான்காரன் விறகு ஏற்றமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான்.

முதலில் எடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் காஸ் அடுப்பு. மஹ்ரூப் அதைப் பற்றவைத்து, மேசை மின்விசிறியை எதிரே தூக்கி வைத்து, முழு வேகத்தில் தட்டிவிட்டார். நெருப்பு போன இடம் தெரியவில்லை.

"தலவிலக் காத்து இதவிட மோசம்."

"தகரம் வச்சு மறைக்கலாம்தானே, நானா?"

"தகரத்த ஆர் புடிக்கிற? நீங்களா?"

"நான் ஏன் பிடிக்கிறன்? டிலுக்ஷி பிடிப்பா."

பக்கத்தில் நின்ற மனைவி டிலுக்ஷி கையில் இருந்த பையை மூலையில் வைத்தாள்.

இரண்டாவது, பெட்டி மாதிரி மூடி வைக்கிற அடுப்பு. "மணல் பூந்தா திருகவே ஏலாது" என்று மஹ்ரூப் அதையும் ஓரம் கட்டினார். மூன்றாவது, ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது. "ஆறு பேருக்கு இதுல சோறு வேகுறதுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும்."

உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்த மஹ்ரூபின் மனைவி ஸாஜிதா எட்டிப் பார்த்தாள். இந்த மனிசனுக்கு என்ன நடந்தது? போன கிழமை இதே அடுப்புகளை இரண்டு வெள்ளைக்காரருக்குப் புகழ்ந்து தள்ளி விற்றவர்தானே!

"அங்க சாப்பாட்டுக் கடை வரிசையா ஈக்கிதானே தம்பி? அதுல திண்டா என்ன?"

"கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது நானா. இவட கையால மீன் குழம்பு வச்சாத்தான் சோறு இறங்கும். அதோட, அடுப்பு வாங்குறதே இவவுக்காகத்தான். விறகு ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோகுது, பாவம்."

சொல்லும்போது றொபின்சனுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் மேல் தட்டில் இருந்த மண்ணெண்ணெய் அடுப்பு அவன் கண்ணில் பட்டது. கனமான இரும்பு, அகலமான கால், சுற்றிவரக் காற்றுத் தடுப்பு. புயலே வந்தாலும் அணையாது போல இருந்தது.

"அதைக் கொஞ்சம் எடுங்க நானா."

மஹ்ரூபின் முகம் ஒரு மாதிரியாகப் போனது. "அது... வித்தாச்சு."

"எப்ப வித்த?" ஸாஜிதாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"வித்தாச்சு எண்டுறன்!"

றொபின்சன் கொதித்துப் போனான். "விளங்குது நானா. எங்கட திருவிழாவுக்கு எண்டதாலதானே விக்க மனம் வரல்ல? உங்களை இப்பிடி நினைக்கல்ல."

மஹ்ரூப் மேசையில் கிடந்த அடுப்புகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அந்தச் சொல் சுருக்கென்று தைத்ததுதான். முப்பது வருடமாக எந்த மதம் என்று பார்க்காமல் அந்த ஊர்ச் சனத்துக்குச் சாமான் விற்கிற மனிதர்.

"வா டிலுக்ஷி! இந்த முறை கடைச் சாப்பாடுதான். இனி இந்தப் படி ஏறினா என்னைக் கேள்!"

இருவரும் இறங்கியதுதான் தாமதம், ஸாஜிதா வெளியே வந்து பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பேயா புடிச்ச? வந்த யாவாரத்தயும் விட்டு, அந்தப் புள்ளகிட்ட கெட்ட பேரும் வாங்கி... அந்த அடுப்ப ஆருக்கு வித்தீங்க? சொல்லுங்க பாப்பம்!"

மஹ்ரூப் பதில் சொல்வதற்குள் டிலுக்ஷி மூச்சு வாங்கத் திரும்பி ஓடி வந்தாள்.

"பையை மறந்துட்டன் எண்டு சொல்லிட்டு வந்தன்" என்று மூலையில் இருந்த பையை எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பெரிய உபகாரம் நானா. நேத்து போன்ல கேட்டத மறக்காமச் செஞ்சிட்டீங்க. என்னால பேச்சும் வாங்கினீங்க. மன்னிச்சுக்கொள்ளுங்க."

"அது பரவாயில்ல தங்கச்சி. கோவம் ஆறினா வருவார்."

"கல்யாணம் முடிச்சு ஒம்பது வருசம். ஒம்பது திருவிழாவுக்கும் போனன். அன்னம்மாட சுரூபம் ஊர்வலம் வாறத ஒருக்காவும் பாக்கல்ல. மணி அடிக்கேக்க நான் சோறு வடிச்சுக்கொண்டு நிப்பன். இந்த வருசமாவது முன்னுக்குப் போய் நிண்டு கும்பிடப் போறன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி ஓடிவிட்டாள்.

மஹ்ரூப் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். "இப்ப விளங்கினதா? பொம்பளைகள்ட கஷ்டமும் ஆம்புளைக்குத் தெரியணும்."

ஸாஜிதா மேசை மின்விசிறியின் வயரைக் கழற்றிச் சுருட்டினாள். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"அத எங்க கொண்டுபோற?"

"குசினிக்கு. வாற பெருநாளைக்கு உங்கட ராத்தா, தங்கச்சிமார் எண்டு இருவத்தஞ்சு பேர் வாறாங்கதானே? நம்மட அடுப்பு காத்துக்கு நிக்குதா எண்டு பாக்கப் போறன்."