சட்டென்று நிற்கும் டயர்

"இருக்குறதுலயே விலை கம்மியான டயரா நாலு குடுப்பா" என்றார் டேனியல்.

டயர் கடை தினகரன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "அது பழைய ஸ்டாக்குங்க. ரப்பர் இறுகிப்போயிருக்குது, பிரேக் போட்டா வழுக்கும். இதப் பாருங்க, இந்த வருஷம் வந்தது. மழையிலயும் சட்டுனு நிக்கும்."

"என் வண்டி பிள்ளையார்பாளையத்தத் தாண்டாதுப்பா. ஸ்பீடும் இருபதுதான். அதுக்கு எதுக்கு இவ்ளோ காஸ்ட்லி?"

"லாபமே வேணாங்க. வாங்கின விலைக்கே தரேன்."

டேனியலுக்குச் சந்தேகம் வந்தது. "எந்தக் கடைக்காரனும் இப்படிப் பேசமாட்டானே. என்னா விஷயம்?"

தினகரன் நெளிந்தான். "நாளைக்கு உங்க டிரைவிங் ஸ்கூலுக்கு காயத்ரின்னு ஒருத்தங்க புதுசா கார் கத்துக்க வராங்கல்ல, அது என் சம்சாரங்க."

டேனியல் உருகிப்போனார். "அடேயப்பா! சம்சாரத்து மேல அவ்ளோ அக்கறையா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. காலையில பிள்ளையார்பாளையத்துல நெசவுக்காரங்க தெரு நீளத்துக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டி பாவு போட்டுக்கினு இருப்பாங்க. வண்டி நிக்காமப் போனா, முதல்ல அறுக்கப்போறது எங்க மாமியாரோட பாவு நூலத்தான்!"