சத்தமில்லாத பிரேக்

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம்ம காரோட பிரேக் காலிப்பரை இன்னிக்கு நானே கழட்டிச் சுத்தம் பண்ணப்போறேன்” என்று, துண்டை உதறித் தோளில் போட்டபடி வீட்டில் முழங்கினார் தலைமை எழுத்தர்.

“பிரேக் நல்லாத்தானே பிடிக்குது? அது பாட்டுக்குக் கிறீச்சுன்னு கத்திட்டுப் போகட்டுமே. உங்களுக்கு ஏங்க வேண்டாத வேலை?” என்றாள் மனைவி.

“ஆமாப்பா, அந்தச் சத்தம் பழகிப்போச்சு” என்றாள் மகள்.

தன் கைத்திறமை மீது இத்தனை சந்தேகமா? வீம்புக்கென்றே சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரில் படிந்திருந்த துருவையும் தூசியையும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தார். அதன் பின்களுக்குக் கிரீஸ் தடவி மாட்டினார்.

மறுநாள் மாலை அவர் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது கார் பூனை மாதிரி வாசலில் வந்து நின்றது. பாராட்டு வாங்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்...” என்று, அவருடைய துண்டை உதறித் தோளில் போட்டபடி முழங்கிக்கொண்டிருந்தாள் மனைவி. மகள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் மனைவி துண்டை மடித்து வைத்தாள்.

“இதுக்குத்தாங்க அந்தச் சத்தம் இருக்கட்டும்னு சொன்னேன்.”