காலிங்பெல் கும்பல்

"என் வீட்டுக்கு ஒரு திருட்டுக் கும்பல் குறி வச்சிருக்கு, மேடம்" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சர்வேயர்.

வேலை முடிந்து நேராகக் காவல் நிலையத்துக்கு வந்திருந்தார். அடுத்தவர் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பழகியவர். கையிலிருந்த நாலு பக்கப் புகாரிலும் கோடு போட்டு, கட்டம் கட்டி, எண் கொடுத்திருந்தார்.

பெண் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எதை வச்சுச் சொல்றீங்க?"

"ரெண்டு மாசமா சாயங்காலமானா யாராவது வந்து பெல் அடிக்கறாங்க. இதுவரைக்கும் பதினொரு தடவை. எல்லாம் எங்க கட்டடத்துல குடியிருக்கறவங்கதான். ஆனா சொல்ற காரணம் ஒண்ணுகூட நம்பற மாதிரி இல்ல."

"உதாரணத்துக்கு?"

"மேல்வீட்டு நர்ஸ் தெர்மாமீட்டர் கேட்டு வர்றா. நர்ஸ்கிட்ட இல்லாத தெர்மாமீட்டர் என்கிட்டயா இருக்கும்? 'யாருக்குக் காய்ச்சல்?'னு கேட்டேன். 'இன்னும் தெரியல சார், பார்த்துதான் சொல்லணும்'கறா! பக்கத்து வீட்டு டெய்லர் ஊசி கேக்கறான். எதிர்வீட்டு பிளம்பர், 'உங்க வீட்ல தண்ணி வருதா?'னு என்கிட்ட விசாரிக்கறான்."

வாசலில் நின்ற காவலர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

"கேட்டதை வாங்கினா போக வேண்டியதுதானே? ஊசியைக் கையில வச்சிக்கிட்டு அரைமணி நேரம் நிக்கறான். கழுத்தை நீட்டி வீட்டுக்குள்ள நோட்டம் விடறான். 'அக்கா எங்க? அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்க'ங்கறான். வீட்ல எத்தனை பேர், யார் எந்த ரூம்ல இருக்காங்கன்னு உளவு பார்க்கறாங்க மேடம்!"

"வீட்ல எத்தனை பேர்?"

"நானும் என் சம்சாரமும்தான். அவ பயந்த சுபாவம். பெல் அடிச்சா முகத்தைக் கழுவிட்டு வெளியே வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகும்."

இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். "ஏழாம் தேதி, ஆறு இருபத்திமூணு... பன்னெண்டாம் தேதி, ஏழு நாற்பத்தொண்ணு... அடேயப்பா!"

"யார் வந்தாலும் முதல்ல கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்" என்றார் சர்வேயர், பெருமை பிடிபடாமல்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான புகாரைப் பார்த்ததே இல்ல சார். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டுடுங்க."

சர்வேயர் சுழித்துச் சுழித்துப் போட்டுக் கொடுத்தார். "எப்ப பிடிப்பீங்க?"

"பிடிக்கவே வேணாம். இன்னிக்குக் காலையில நீங்க வேலைக்குக் கிளம்பினதும் அவங்களாவே இங்க வந்துட்டாங்க."

"சரணடைஞ்சுட்டாங்களா!"

"இல்ல. உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாங்க."

சர்வேயர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"நீங்க அந்தம்மாவைப் போட்டு அடிக்கற சத்தம் கேக்கறப்பல்லாம், முறை வச்சு ஒருத்தர் ஓடி வந்து பெல் அடிச்சிருக்காங்க. கதவைத் திறக்கவாவது உங்க கை நிக்கும்ல? அந்தம்மாவுக்கே தைரியம் வந்து புகார் குடுக்கற வரைக்கும் அப்படித்தான் காப்பாத்தியிருக்காங்க. இப்ப அந்தம்மா பத்திரமான இடத்துல இருக்காங்க. எங்கேன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து இன்னொரு புகாரை எடுத்து, சர்வேயரின் தாள்களோடு சேர்த்துக் குத்தினார்.

"எல்லாத்தையும் தெளிவா சொன்னாங்க சார். எந்தெந்தத் தேதி, எத்தனை மணிக்குன்னு கேட்டப்பதான் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. வழக்கு நிக்குமோ நிக்காதோன்னு கவலையோட போனாங்க."

அந்தக் கவலையைத்தான் சர்வேயர் நிமிடம் பிசகாமல் எழுதி, நாலு இடத்தில் கையெழுத்தும் போட்டுத் தீர்த்து வைத்திருந்தார்.